மேசைக்கடலும் மெய்க்கடலும்

திருகோணமலைத் துறைமுகத்தைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் அதன் ஆழத்தையும் அதனை நாடி வந்த வல்லரசுகளையுமே எழுதுவர். 17ஆம் நூற்றாண்டிலே போர்த்துக்கேயர் இங்கு கோட்டை எழுப்பியதும், 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆந் திகதி யப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்ததும், 1957இல் பிரித்தானியக் கடற்படைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டதும், சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகள் குறித்து 2022 சனவரியிலே மீண்டும் ஓர் உடன்படிக்கை கைச்சாத்தானதும் பலரும் அறிந்தவை. இக்கட்டுரை அத்தகைய பெரிய செய்தி எதனையும் கூறாது. உள்ளங்கையளவு கண்ணாடியிலே தோன்றும்படி நான் எழுதிய ஒரு கணக்குப் பக்கம் என் வீட்டு மேசையிலே செம்மையாக ஓடியது; திருக்கடலூர்க் கரைக்கு அப்பால் அது தவறியது. அத்தவற்றினால் நேர்மையான ஒரு மனிதர் எங்கள் படகை விட்டு நீங்கினார். அது எவ்வாறு நேர்ந்தது என்பதையே இங்கு எழுத விழைகின்றேன்.

கலைப்பீட மாணவனுக்கு இத்துறையிலே என்ன வேலை என வாசகர் வினவக்கூடும். 2020ஆம் ஆண்டிலே கொள்ளைநோயின் பொருட்டுப் பாடசாலைகள் பூட்டப்பட்டபோது, பொழுதுபோக்காகவே இணையப் பக்கம் எழுதும் கலையைக் கற்கத் தொடங்கினேன். தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்கப் புகுந்த பின்னரும் அப்பழக்கம் என்னை விடவில்லை. விடுமுறைக்கு வீடு சென்றால் யாருக்காவது ஏதாவது எழுதிக் கொடுப்பேன்.

என் பெரியப்பாவிடம் கண்ணாடியிழைப் படகு ஒன்று உண்டு. அவரோடு மூவர் கடலுக்குச் செல்வர். மீன் விற்ற காசிலே மண்ணெண்ணெய், ஐஸ், சாப்பாடு ஆகிய செலவுகளைக் கழித்து, எஞ்சியதில் ஒரு பாதியைப் படகுக்கும் இயந்திரத்துக்கும் வலைக்கும் ஒதுக்கி, மறுபாதியை அன்று கடலுக்குப் போனவர்கள் சமமாகப் பங்கிடுவது எங்கள் படகின் வழக்கம். இக்கணக்கு முழுவதும் பொலித்தீன் உறையிலே சுற்றிய ஒரு கொப்பியில் இருந்தது. எண்ணெய்ச் செலவு சிறிதாயிருந்த காலத்திலே அக்கொப்பியை யாரும் விரித்துப் பார்க்கக் கேட்டதில்லை. 2022 ஓகஸ்டிலே மண்ணெண்ணெயின் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்ந்தது. அதன் பின்னர் எத்தனை லீற்றர் ஊற்றியது, எத்தனை லீற்றர் மிஞ்சியது என்பதெல்லாம் ஒவ்வொருவருடைய அடுப்பையும் தொடும் கேள்விகளாயின. கொப்பியிலே அழித்தெழுதிய இடங்கள் ஐயத்தை வளர்த்தன. ஒவ்வொருவரும் தத்தம் தொலைபேசியிலே அன்றன்றே கணக்கைக் காணக்கூடியதாக இருந்தால் இப்பூசல் தீருமென்று எண்ணினேன். 2024ஆம் ஆண்டு விடுமுறையிலே அவ்வேலையைத் தொடங்கினேன்.

நான் தேர்ந்த முறை ஆங்கிலத்திலே 'புரொகிரசிவ் வெப் அப்' எனப்படுவது. பிரான்சிஸ் பெரிமன் என்ற வடிவமைப்பாளரும் அலெக்ஸ் ரஸ்ஸல் என்ற பொறியியலாளரும் 2015இல் இப்பெயரை இட்டனர். படிவளர் செயலி என அதனைத் தமிழிலே சொல்லலாம். அடிப்படையில் அது ஓர் இணையப் பக்கமே. ஆயினும் தொலைபேசியின் முகப்பிலே ஏனைய செயலிகளைப் போல ஒரு சின்னமாக அமரவும், இணைப்பு இல்லாத வேளையிலும் திறந்து கொள்ளவும் அது வல்லது. செயலிக் கடையிலே பதிவு செய்ய டொலரிலே கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. ஓர் இணைப்பு முகவரியைக் குறுஞ்செய்தியாக அனுப்பினால் போதும். இவ்வாற்றலின் உயிர்நாடி 'சேர்விஸ் வேர்க்கர்' எனப்படும் ஒரு பணியாள். பக்கத்துக்கும் இணையத்துக்கும் இடையே நின்று, முன்பு கொண்டுவந்தவற்றைச் சேமித்து வைத்து, இணைப்பு அற்றபோது அச்சேமிப்பிலிருந்து எடுத்துக் கொடுப்பது அதன் தொழில்.

இவ்வாறு எழுதியதைச் சோதித்துப் பார்க்கவென்றே போலித் தொலைபேசிகள் கணினிக்குள் அமைக்கப்பட்டுள்ளன. அவற்றிலே மூன்று தரங்களைக் காணலாம். முதலாவது, உலாவியிலேயே உள்ள கருவிப் பகுதி. அது கணினித் திரையைத் தொலைபேசியின் அளவுக்குச் சுருக்கி, சுட்டியின் அழுத்தலை விரலின் தொடுகையாகப் பாவனை செய்கின்றது. ஆனால் பக்கத்தை இயக்குவது கணினியின் மூளையே. இரண்டாவது, அப்பிள் நிறுவனத்தின் 'சிமுலேற்றர்'. அது அந்நிறுவனத்தின் மக் கணினியிலே மட்டும் இயங்குவது, எனக்கு எட்டாதது. மூன்றாவது, அன்ட்ரொயிட் 'எமுலேற்றர்'. அது கணினிக்குள்ளே ஒரு முழுத் தொலைபேசியையும் அதன் இயங்குமுறையோடு படைத்துக் காட்டுகின்றது. 8 ஜிகாபைற் நினைவகமுடைய என் மடிக்கணினி அதனைத் தாங்க மாட்டாமல் முனகியபோதிலும், நான் முதலாவதையும் மூன்றாவதையும் கொண்டு வேலையை நடத்தினேன்.

பாவனைக் கருவி இழிவானதன்று. 1929இல் அமெரிக்கரான எட்வின் லிங்க் ஒரு பெட்டியை விமானம் போல ஆடவும் சாயவும் செய்து விமானிகளைப் பழக்கினார். இரண்டாம் உலகப் போரிலே எண்ணற்ற விமானிகள் அப்பெட்டியிலே முதற்பாடம் கற்றனர். எனினும் அப்பெட்டியிலே கற்றவரும் மெய்யான விமானத்தில் ஏறிப் பறந்த பின்னரே விமானி எனப்பட்டனர். நான் அந்த இரண்டாவது படியை மறந்தேன்.

என் மேசையிலே எல்லாம் நன்றாகவே நடந்தன. உலாவியின் கருவிப் பகுதியிலே 'இணைப்பு இல்லை' என்ற பெட்டியிலே சரி அடையாளம் இட்டால் பதிவு தொலைபேசிக்குள்ளே தங்கும். அடையாளத்தை எடுத்தால் சேவையகத்துக்குச் செல்லும். மெதுவான இணைப்பைத் தெரிந்தாலும் சற்றுத் தாமதித்துச் சென்று சேரும். ஐம்பது முறை சோதித்தேன். ஐம்பது முறையும் சரி. ஒரு நல்ல நாளிலே பெரியப்பாவின் தொலைபேசியில் அதனை ஏற்றிக் கொடுத்தேன். கொப்பி பெட்டிக்குள் போயிற்று.

இரண்டு கிழமைகள் கழிந்தன. பெரியப்பா காய்ச்சலிலே படுத்தார். மூன்று நாட்கள் அவரில்லாமலே படகு போயிற்று. தம் தொலைபேசியை அவர் படகிலே வயதிற் கூடிய தொழிலாளியிடம் கொடுத்து, பதிவைச் செய்யுமாறு கூறினார். அம்மனிதர் இருபது ஆண்டுகளுக்கு மேலாக எங்கள் குடும்பத்தோடு தொழில் செய்தவர். நான் மாமா என்றே அழைப்பேன். சனிக்கிழமை கணக்குப் பார்க்கப் பக்கத்தைத் திறந்தபோது அந்த மூன்று நாட்களுக்கும் ஓரெழுத்துமில்லை. மீன் வாங்கிய வியாபாரியின் துண்டுகளால் விற்ற காசு தெரிந்தது. எவ்வளவு எண்ணெய் ஊற்றப்பட்டது, மிச்சம் எங்கே என்பது தெரியவில்லை. இளையவர்களில் ஒருவர், "எழுதச் சொன்னால் எழுதவேணும், எழுதாமல் விட்டால் எண்ணெய்க் கணக்கு ஆருக்கு லாபம்?" என்று எல்லாரும் கேட்கச் சொன்னார்.

மாமா என்னைப் பார்த்து, "நான் மூண்டு நாளும் அடிச்சனான் தம்பி. பதிவாகியது எண்டு காட்டினதே" என்றார்.

அப்போது நான் கூறிய விடையை நினைக்க இன்றும் நாணுகின்றேன். "அப்படி நடக்காது மாமா. நான் எல்லாம் சோதிச்சுப் பார்த்தனான். நீங்கள் பொத்தானை அழுத்தாமல் விட்டிருப்பியள்" என்றேன். அவர் மறுமொழி சொல்லவில்லை. தம் பங்கிலிருந்து எண்ணெய்க் காசைக் கழித்துக்கொள்ளச் சொன்னார். பெரியப்பா அதற்கு இணங்காமல் முழுப் பங்கையும் நீட்டியபோது, "கணக்கில இல்லாத காசு எனக்கு வேண்டாம்" என்று எழுந்து போனார். மறுநாள் வேறொரு படகிலே கடலுக்குச் சென்றார்.

இரண்டு நாட்களாக என் மனம் ஆறவில்லை. எமுலேற்றரிலே மீண்டும் மீண்டும் முயன்றேன், பிழை தோன்றவில்லை. பெரியப்பாவின் தொலைபேசியை யூ.எஸ்.பி. வடத்தினாலே கணினியோடு இணைத்தேன். குறோம் உலாவியிலே தொலைபேசியில் நிகழ்வதைக் கணினித் திரையிலே வரிக்கு வரி பார்ப்பதற்கு வசதி உண்டு. வீட்டிலே அதன் வழியாகப் பார்த்தும் எல்லாம் சரியாகவே இருந்தன. இறுதியிலே பெரியப்பா, "தம்பி, உன்ர யந்திரம் மேசையில நல்லா ஓடுது. கடலில அதுக்குத் தலைச்சுத்து. நாளைக்கு வள்ளத்தில வா" என்றார்.

மடிக்கணினியைப் பொலித்தீன் உறைகள் இரண்டிலே சுற்றிக்கொண்டு சென்றேன். வலை இழுத்துத் திரும்பும்போது விடிந்து வெகுநேரமாகிவிட்டது. சுவாமி மலையும் கோணேசர் கோயிலும் தெளிவாகத் தோன்றும் தூரத்திலே பெரியப்பா வழக்கம்போலத் தொலைபேசியை எடுத்தார். ஈரக் கையைச் சாரத்திலே துடைத்துக்கொண்டு, வெயிலுக்குத் திரையை மறைத்துப் பிடித்து, சூரையும் பாரையும் இத்தனை கிலோ என்று பதிந்தார், பொத்தானை அழுத்தினார். 'பதிவாகியது' என்ற சொல் தோன்றியது. உடனே அவர் பக்கத்தை விட்டு நீங்கிப் படப்பிடிப்புக் கருவியைத் திறந்து, மீன் குவியலைப் படமெடுத்தார். கரை சேருமுன் வியாபாரிக்குப் படம் அனுப்பி விலை பேசுவது அவர்களுடைய வழக்கம். அந்தக் கணத்திலே என் கணினித் திரையிலே, சோதிக்கப்படும் பக்கத்தின் தொடர்பு அறுந்தது என்ற அறிவிப்பு எழுந்தது. அவர் திரும்பவும் பக்கத்தைத் திறந்தபோது அது வெறுமையாக இருந்தது.

நிகழ்ந்தது இதுதான். நான் எழுதிய நிரலிலே, பொத்தான் அழுத்தப்பட்டதும் இணைப்பு உண்டா என்று உலாவியைக் கேட்டு, உண்டு என்றால் நேரே சேவையகத்துக்கு அனுப்பவும், இல்லை என்றால் மட்டும் தொலைபேசிக்குள்ளே சேமிக்கவும் விதித்திருந்தேன். உலாவி 'உண்டு' என்று சொல்வதற்குப் பொருள், தொலைபேசி ஏதோ ஒரு வலையமைப்பிலே தொற்றிக்கொண்டிருக்கின்றது என்பது மட்டுமே. அனுப்பியது போய்ச் சேருமென்பதன்று. கடலிலே ஒற்றைக் கோடு சமிக்ஞை இருந்தது; தரவு போகவில்லை. அனுப்பல் பாதியிலே தொங்கியது. அதேவேளை படப்பிடிப்புக் கருவி திறந்தமையால், சிறிய நினைவகமுடைய அப்பழைய தொலைபேசி இடம் போதாமல் உலாவிப் பக்கத்தைக் கொன்றுவிட்டது. பதிவு சேவையகத்திலுமில்லை, தொலைபேசியிலுமில்லை. 'பதிவாகியது' என்ற சொல்லையோ நான் பொத்தானை அழுத்தியவுடனேயே காட்டும்படி எழுதியிருந்தேன். மேசையிலே அழுத்தலுக்கும் சேர்தலுக்கும் இடையே ஒரு கண்ணிமைப்பொழுதும் இல்லாதபடியால் அச்சொல் பொய்யாகலாமென்று எனக்குத் தோன்றவேயில்லை.

எமுலேற்றர் இதனை ஏன் காட்டவில்லை? அங்கே இணைப்பு உண்டு அல்லது இல்லை. மெதுவாக இருந்தாலும் ஓர் ஒழுங்கோடு மெதுவாக இருக்கும். கடலிலோ உண்டாகியும் இல்லாத ஒரு நிலை நிலவுகின்றது. எமுலேற்றருக்குக் கணினி வாரி வழங்கிய நினைவகம் இருந்தது. அதன் முன்னிருந்து பொத்தானை அழுத்திய நான், அழுத்திவிட்டு அடுத்தது என்ன நடக்கின்றதென்று கைகட்டிப் பார்த்திருந்தேன். மீன் படமெடுக்க ஓடவில்லை. கருவி குறையுடையது என்பதைவிட, கருவியிடம் நான் கேட்ட கேள்விகள் யாவும் எனக்குத் தெரிந்த கேள்விகளாக இருந்தன என்பதே உண்மை.

திருத்தம் எளிது. எந்நிலையிலும் முதலிலே தொலைபேசிக்குள் எழுதுக, பின்னர் அனுப்புக, சேவையகம் பெற்றுக்கொண்டேன் என்று சொல்லும் வரை உள்ளிருப்பதை அழியாதே, குறித்த நேரத்துள் விடை வராவிடில் அனுப்பலைக் கைவிட்டுப் பின்னர் முயல்க. ஒரே பதிவு இருமுறை போய்ச் சேர்ந்தால் கணக்கு இரட்டிக்காதவாறு ஒவ்வொரு பதிவுக்கும் தனி எண் கொடுத்தேன். அன்றிரவே இத்திருத்தத்தை ஏற்றினேன். மறுநாளும் ஒரு பதிவு மறைந்தது.

இம்முறை கொப்பி திரும்பவும் படகுக்கு வந்திருந்தமையால் இழப்பு இல்லை. காரணம் தேடியபோது அந்தப் பணியாளின் இயல்பு புலப்பட்டது. புதிய பணியாள் வந்திறங்கினாலும், பழைய பணியாளின் கீழ் இயங்கும் பக்கங்கள் யாவும் மூடப்படும் வரை அது வாயிலிலே காத்துநிற்கும். பெரியப்பா எதனையும் மூடுபவரல்லர். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுபவர். என் மேசையிலோ, பக்கத்தைப் புதுப்பிக்கும்தோறும் பணியாளையும் புதுப்பிக்கும் பெட்டியிலே வேலை தொடங்கிய முதல் நாளே சரி அடையாளம் இட்டிருந்தேன். ஆகவே காத்துநிற்கும் பணியாளை நான் கண்டதேயில்லை.

கணினித் தமிழிலே இத்தகைய பிழையை வழு என்றும், களைதலை வழுநீக்கல் என்றும் கூறுகின்றோம். இச்சொல் இலக்கணத்திலிருந்து எடுத்தது. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என வழு எழுவகைப்படும் என்று நன்னூல் வகுப்பிலே கற்றேன். அங்கு இடம் என்பது தன்மை முன்னிலை படர்க்கையைக் குறிக்கும். தன்மையிலே நிற்பவனுக்குச் சரியாகத் தோன்றியது முன்னிலையிலிருப்பவர் கைக்குச் சென்றதும் வழுவாயிற்று என்று பார்த்தால், என் முதற் பிழை இடவழு. பழைய பணியாள் நிகழ்காலத்தை ஆண்டது காலவழு. நடக்காது என்று நான் மாமாவுக்குக் கூறியது விடைவழு. முன்னிரண்டையும் வடத்தை மாட்டிக் கண்டுபிடித்தேன். மூன்றாவதைக் காட்டக் கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை.

இலக்கணிகள் வழுவோடு வழுவமைதி என்ற ஒன்றையும் சொல்லிவைத்தனர். வழுவேயாயினும் காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளத்தக்கது அது. மகிழ்ச்சியினாலே பசுவை அம்மா என்பது போன்றது. இணைப்பு அறும், தொலைபேசி பக்கத்தைக் கொல்லும், மனிதர் பொத்தானை அழுத்தியவுடன் வேறு வேலைக்குப் போவர். இவற்றை நீக்க முடியாது. அமைதி கண்டே நிரல் எழுத வேண்டும். இப்போது எங்கள் பக்கத்திலே 'பதிவாகியது' என்ற சொல் இல்லை. அதற்குப் பதிலாக 'தொலைபேசியில் உள்ளது', 'போய்ச் சேர்ந்தது' என்ற இரு தொடர்கள் உள்ளன. இரண்டாவது தோன்றச் சிலவேளை அரைமணி நேரம் செல்லும். அதுவரை யாரும் அவசரப்படுவதில்லை.

பிழையைக் கண்ட அன்று மாலையே மாமாவைத் தேடிச் சென்றேன். கரையிலே வலை பொத்திக்கொண்டிருந்தார். படகிலே கண்டவற்றையெல்லாம் சொல்லி, நீங்கள் சொன்னதுதான் சரி, என் மேல்தான் பிழை என்றேன். ஊசியை நிறுத்தாமலே கேட்டார். பின்னர், "மிசின் பொய் சொல்லும் எண்டு எனக்குத் தெரியும் தம்பி. தராசும் மிசின்தானே. நீ என்னைக் கேட்டிருக்கலாம்" என்றார். பெரியப்பாவும் இளையவரும் பின்னர் நேரிலே சென்று பேசினர். எண்ணெய்க் கணக்கும் தீர்ந்தது. ஆயினும் அவர் எங்கள் படகுக்குத் திரும்பவில்லை. வேறு படகிலே நிலைத்துவிட்டார்; கோயிலிலே கண்டால் நலம் விசாரிப்பார்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்குதவாது என்று நம்மவர் சொல்வது ஏட்டை இகழ்வதற்கன்று. ஏட்டிலே வரைந்த சுரைக்காயைக் கொண்டு, கொடியிலே காய்த்தது பொய் என்று சொல்லாதே என்பதற்காகவே எனக் கொள்கின்றேன். எமுலேற்றரை நான் இன்றும் பயன்படுத்துகின்றேன். அது இல்லாமல் என் வேலை நடவாது. ஆனால் புதியது எதனையும் ஏற்றுமுன் ஒரு நாள் படகிலே சென்று, பெரியப்பா அதனை எவ்வாறு கையாள்கின்றார் என்று வாய்திறவாமல் பார்த்திருப்பேன். கொப்பியும் படகிலேதான் இருக்கின்றது. சனிக்கிழமைகளிலே இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிடுகின்றோம். ஒவ்வாத இடம் வரும்போது, எழுதியவரை முதலிலே கேட்கின்றேன்.